மாம்பூவைக் காப்பாற்றும் வழி: மொட்டிலிருந்து பட்டாணி வடு வரை

மார்கழிப் பனி இறங்கும்போதே மாங்கிளை நுனிகளில் மொட்டு திரளும். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கம் பெரும்பாலும் டிசம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரை பூ நடக்கும். மழை எப்போது நின்றது, மரம் செந்தூராவா, பெங்களூராவா, நீலமா என்பதைப் பொறுத்துச் சில வாரங்கள் முன்பின் ஆகும். மொட்டு தெரிந்த நாளிலிருந்து பட்டாணி அளவு வடு பிடிக்க ஏறக்குறைய 6 முதல் 8 வாரம். அந்த வருஷத்துக் காய்ப்பு பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் முடிவாகிறது.

புதிதாக மா வைத்தவர்கள் முதலில் கேட்பது "எந்த மருந்து அடிக்கலாம்?" என்றுதான். எந்த நாளில் அடிப்பது என்று முதலில் கேளுங்கள். நல்ல மருந்தைத் தவறான நாளில் அடித்துப் பூவை இழந்த தோப்புகள் நிறைய. வீட்டுக் கொல்லையில் ஒற்றை மரம் இருந்தாலும், ஒரு ஏக்கர் ஒட்டுமாந்தோப்பு இருந்தாலும் கீழே உள்ள வரிசை பொருந்தும்.

படி 1: பூவுக்கு முன்பே மரத்தைத் திறந்துவிடுங்கள்

மாம்பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிதான் இங்கே முதல் எதிரி. அதற்குப் பிடித்தது நிழலும் ஈரமும். கிளைகள் பின்னிக்கொண்டு நடுவில் வெயிலே விழாத மரத்தில் அது வருஷம் முழுக்கப் பட்டை வெடிப்புகளில் ஒளிந்திருக்கும். அறுவடை முடிந்த கையோடு, ஜூலை - ஆகஸ்டிலேயே, காய்ந்த கிளை, உள்நோக்கி வளர்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை வெட்டுங்கள். நண்பகலில் மரத்தடியில் நின்றால் தரையில் திட்டுத்திட்டாக வெயில் விழ வேண்டும். அதுதான் அளவு. நவம்பர், டிசம்பரில் பெரிய கிளைகளை வெட்டாதீர்கள். பூக்க வேண்டிய நுனிகள் போய்விடும்.

நவம்பருக்குப் பிறகு காய்க்கும் மரத்துக்குத் தண்ணீரையும் நிறுத்துங்கள். மொட்டு திரளும் நேரத்தில் ஈரம் கிடைத்தால் பூ வர வேண்டிய நுனியில் கொழுந்து வந்துவிடும். அந்தக் கொழுந்தையும் பூச்சி தேடி வரும். மரத்தடியை ஒரு முறை லேசாகக் கொத்திவிடுவதும் நல்லது. பூங்கொத்தைத் துளைக்கும் ஈயின் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழு ஆகும். கிளறிய மண்ணில் வெயிலும் பறவையும் அதைப் பார்த்துக்கொள்ளும்.

படி 2: வாரம் இரண்டு முறை மரத்தைப் பாருங்கள்

ஒரு வெள்ளைத்தாளும் பூதக்கண்ணாடியும் போதும். காலையில், மரத்தின் நான்கு பக்கமும் பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று பூங்கொத்துகளைப் பாருங்கள். தாளை அடியில் பிடித்துக் கொத்தை இரண்டு தட்டு தட்டுங்கள்.

ஆப்பு வடிவில், பழுப்பு நிறத்தில், 3 - 5 மில்லிமீட்டர் நீளத்தில் பூச்சி பக்கவாட்டில் நழுவி, சட்டென்று தத்திப் போனால் அது தத்துப்பூச்சி. கூட்டம் அதிகமான தோப்பில் கிளையை உலுக்கினாலே மழைத்தூறல் விழுவதுபோல் 'சரசர'வென்று சத்தம் கேட்கும். கீழ் இலைகள் பிசுபிசுத்தால் அது பூச்சி கழிக்கும் இனிப்பு நீர். அதன்மேல் கரும்பூசணம் படர்ந்து இலை கரி பூசியதுபோல் ஆகிவிடும்.

தாளில் விழுவது ஒரு மில்லிமீட்டர் அளவில், மஞ்சள் நூல் துண்டுபோல் ஊர்ந்தால் அது இலைப்பேன். கொத்தின் மேல் வெள்ளை மாவு தூவியதுபோல் இருந்து, விரலில் ஒட்டினால் சாம்பல் நோய். கொத்தின் காம்பில் கரும்பழுப்புப் புள்ளிகள் தோன்றி, ஒன்றுசேர்ந்து, பூ கருகினால் பூங்கருகல். நூலாம்படையால் பூக்களைச் சேர்த்துக் கட்டி, உள்ளே எச்சம் கிடந்தால் பூப்பிணைக்கும் புழு. காம்பில் குண்டூசித் துளை விழுந்து கொத்து ஒரு பக்கமாக வளைந்தால், மேலே சொன்ன ஈயின் புழு.

கடைசி இரண்டும் பத்துப் பதினைந்து கொத்துகளில் மட்டும் இருந்தால் மருந்தே வேண்டாம். கொத்தை ஒடித்து எடுத்து எரித்துவிடுங்கள்.

என்னவென்று பிடிபடாவிட்டால் ஒரு கொத்தை வெட்டி, காகிதத்தில் சுற்றி, உங்கள் ஊர் உதவித் தோட்டக்கலை அலுவலரிடமோ மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் வைக்காதீர்கள். வேர்த்து அழுகிப்போய் நோயே தெரியாது.

படி 3: முதல் தெளிப்பு, கொத்து விரல் நீளம் இருக்கும்போது

கொத்து 3 - 4 அங்குலம் நீண்டு, ஒரு பூவும் விரியாத நிலைதான் முதல் தெளிப்புக்கு உரிய நேரம். தத்துப்பூச்சியின் தாய்ப்பூச்சி பூங்காம்பின் தோலைக் கிழித்து உள்ளே முட்டை வைக்கும். உள்ளே போன முட்டையை மேலே அடிக்கும் மருந்து எட்டாது. அதனால் முட்டை வைக்கும் முன் தாயைப் பிடிக்க வேண்டும். கொத்துக்குச் சராசரி 4 அல்லது 5 தத்துப்பூச்சி தெரிந்தாலே தெளிக்கலாம். ஒன்று இரண்டுதான் என்றால் பூச்சிக்கொல்லியை விட்டுவிட்டு வேப்பங்கொட்டைக் கரைசலோடு (செய்முறை கீழே) நிறுத்துங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு அளவு (பெயருக்குப் பின் வரும் எண் மருந்தின் சதம்; எஸ்.எல்., எஸ்.சி., இ.சி. என்பவை லேபிளில் இருக்கும் திரவ வகைக் குறிகள்):

- இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். (பூச்சிக்கொல்லி) – 0.3 மி.லி.
- நனையும் கந்தகம் 80 சதத் தூள் – 2 கிராம்
- ஒட்டும் திரவம் – 0.5 மி.லி.

16 லிட்டர் கைத்தெளிப்பான் டேங்குக்கு இமிடாகுளோபிரிட் 5 மி.லி., கந்தகம் 32 கிராம், ஒட்டும் திரவம் 8 மி.லி. மருந்தை மூடியில் ஊற்றிக் குத்துமதிப்பாக அளக்க வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சை வாங்கி இதற்கென்றே தனியாக வையுங்கள்.

கந்தகம் சாம்பல் நோய்க்கு முன்காப்பு. நோய் கண்ணில் பட்ட பிறகு அடிப்பதைவிட முன்பே அடிப்பதில்தான் அதன் பலன் முழுதாகக் கிடைக்கும்.

கலக்கும் வரிசையும் முக்கியம். கந்தகத் தூளை முதலில் ஒரு குவளைத் தண்ணீரில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து, பாதி நிரம்பிய டேங்கில் ஊற்றிக் கலக்குங்கள். பிறகு பூச்சி மருந்து, பிறகு மீதித் தண்ணீர், கடைசியில் ஒட்டும் திரவம். தூளை நேராகக் கொட்டினால் கட்டிதட்டி முனைக்குழல் அடைத்துக்கொள்ளும். அடைப்பை வாயால் ஊதி எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து வயது ஒட்டுமரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 10 லிட்டர் கரைசல் பிடிக்கும். 10 மீட்டர் இடைவெளியில் நட்ட ஏக்கருக்கு 40 மரம் என்றால் 400 லிட்டர்: இமிடாகுளோபிரிட் 120 மி.லி., கந்தகம் 800 கிராம். பெரிய மரத்துக்கு ராக்கர் ஸ்பிரேயரோ பவர் ஸ்பிரேயரோ வேண்டும். கைத்தெளிப்பான் உச்சிக்கு எட்டாது. எட்டாத உச்சியில் தப்பிய பூச்சி ஒரே வாரத்தில் கீழே இறங்கிவிடும்.

முதலில் அடிமரத்தையும் கவட்டையையும் பட்டை வெடிப்புகளையும் நனையுங்கள். பிறகு உள்கிளை, அதன்பின் வெளிக்கொத்து. வெளியிலிருந்து தொடங்கினால் பூச்சி உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளும். தோப்பாக இருந்தால் எல்லா மரத்தையும் ஒரே நாளில் முடியுங்கள். பக்கத்துத் தோப்புக்காரரும் அதே இரண்டு நாளில் அடித்தால் இன்னும் நல்லது.

படி 4: பூ விரிந்ததும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

இதைச் சொன்னால் பலருக்குப் பதறும். மரம் முழுக்கப் பூ, மருந்து வேண்டாமா? வேண்டாம். ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருந்தாலும் பெரும்பகுதி ஆண் பூக்கள். இருபால் பூக்கள்தான் காயாகும். அதற்கும் ஈக்களும் தேனீக்களும் வந்து மகரந்தம் சேர்க்க வேண்டும். மாம்பூவுக்குச் சாதாரண ஈயே பெரிய உதவி. பூ விரிந்த மரத்தில் இமிடாகுளோபிரிட், தயாமெத்தாக்சம், லாம்ப்டா சைஹலோத்ரின் எதை அடித்தாலும் முதலில் சாவது அவைதான். மரம் பூத்துக் குலுங்கியும் வடு நிற்கவில்லை என்று வருத்தப்படும் பல இடங்களில் இதுவும் ஒரு காரணம்.

ஒரே மரத்தில் இரண்டு மூன்று தவணையாகப் பூ வருவதுதான் சிக்கல். ஒரு பக்கம் விரிந்திருக்கும், மறுபக்கம் மொட்டாக இருக்கும். பெரும்பான்மைக் கொத்துகள் எந்த நிலையில் இருக்கின்றனவோ அதை வைத்து முடிவெடுங்கள்.

பூ விரிந்த நேரத்தில் மழையோ தொடர்ந்த மூடுபனியோ வந்து பூங்கருகல் பரவினால் விதிவிலக்கு. கார்பன்டாசிம் 50 சதத் தூள் லிட்டருக்கு 1 கிராம், ஈக்கள் அடங்கிய மாலை 5 மணிக்கு மேல், மெல்லிய பனித்துளியாக விழும் முனைக்குழல் போட்டு அடியுங்கள். பூச்சி மருந்தை இதோடு கலக்க வேண்டாம்.

படி 5: இரண்டாம் தெளிப்பு

முதல் தெளிப்பிலிருந்து சுமார் 15 நாள். அதற்குள் காம்பில் தப்பிய முட்டைகள் பொரித்துக் குஞ்சுகள் வெளியே வந்திருக்கும். பூ இன்னும் விரியாமல் இருந்தால் அப்போதே அடியுங்கள். விரிந்துவிட்டால் பூ உதிர்ந்து கடுகு அளவு வடு தெரியும்வரை பொறுங்கள். அதற்குள் குஞ்சுகள் நிறையத் தெரிந்தால் மாலையில் வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டும் அடித்துச் சமாளியுங்கள்.

இந்த முறை மருந்தை மாற்ற வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்: முதலில் இமிடாகுளோபிரிட் அடித்துவிட்டு "மாற்றி அடிக்கிறேன்" என்று தயாமெத்தாக்சம் வாங்குகிறார்கள். பெயர் வேறாக இருந்தாலும் இரண்டும் ஒரே குடும்பம், பூச்சியைத் தாக்கும் வழியும் ஒன்றே. முதலாவதைத் தாங்கிய பூச்சி இரண்டாவதையும் தாங்கும். அதற்குப் பதில் புப்ரோபெசின் 25 எஸ்.சி. லிட்டருக்கு 1 முதல் 2 மி.லி. அடியுங்கள். இது குஞ்சுகள் தோலுரிப்பதைத் தடுக்கும் மருந்து. வளர்ந்த பூச்சி உடனே சாகாது. மறுநாள் வந்து பார்த்து, பூச்சி பறக்கிறதே என்று வேறொன்றை மேலே அடிக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள்.

சாம்பல் நோய் தெரிந்தால் இதோடு ஹெக்சகொனசோல் 5 இ.சி. லிட்டருக்கு 1 மி.லி. சேர்க்கலாம். இரவு குளிர்ந்து, காலையில் பனி மூடி, பகலில் வெயில் அடிக்கும் நாட்கள்தான் இந்த நோய்க்குத் தோது. இலைப்பேன் அதிகமென்றால், பூ முழுதும் உதிர்ந்த பிறகு, மாலையில் ஸ்பினோசாட் 45 எஸ்.சி. லிட்டருக்கு 0.3 மி.லி.

வேப்பங்கொட்டைக் கரைசல்

10 லிட்டருக்கு 500 கிராம் வேப்பம்பருப்பு. ஒன்றிரண்டாக இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் துணியைத் திரும்பத் திரும்பப் பிழிந்து, பால்போல் வருவதை வடிகட்டி, 10 லிட்டராக்கி, 10 - 20 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். அன்றைக்கே மாலையில் அடித்துவிட வேண்டும். வெயிலில் இதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். ஓராண்டுக்கு மேற்பட்ட, பூசணம் பிடித்த கொட்டையில் பலன் இராது. வேப்பெண்ணெய் கிடைத்தால் லிட்டருக்கு 5 மி.லி. சோப்புக் கரைசலோடு. எண்ணெய் அடித்த மரத்தில் இரண்டு வாரத்துக்குக் கந்தகம் அடிக்காதீர்கள், கந்தகம் அடித்த மரத்தில் எண்ணெயும் வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் பூவும் கொழுந்தும் கருகும். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் தனிக் கந்தகமே சுடும்.

கரும்பூசணம் படிந்த இலைக்கு

பூச்சியை ஒழித்தால்தான் இது நிற்கும். படிந்ததை உரிக்க மைதாக் கஞ்சி நல்ல வழி. ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டராக்கி, வடிகட்டித் தெளியுங்கள். வெயிலில் கஞ்சி காய்ந்து செதிலாக உரியும்போது கரியும் கூடவே உதிரும். மேகமூட்டமான நாளில் செய்யாதீர்கள். காயாமல் நின்றால் அந்தக் கஞ்சியிலேயே பூசணம் வளரும்.

வாங்கக் கூடாதவை

பழைய மா கையேடுகளில் கார்பரில், பாஸ்பாமிடான், டிரைடெமார்ப், டினோகேப் என்ற பெயர்கள் நிறைய வரும். கார்பரிலும் டிரைடெமார்பும் 2018-இலேயே தடை செய்யப்பட்டன. பாஸ்பாமிடான் 2020 இறுதியோடு நின்றது. டினோகேப் 2023-இல் தடையானது. யாராவது பழைய இருப்பை மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். எந்த மருந்தாக இருந்தாலும் லேபிளில் மாமரம் இருக்கிறதா, அளவு என்ன என்று படித்துவிட்டு ரசீதோடு வாங்குங்கள். "சேர்த்து அடித்தால் பூ நிற்கும்" என்று கடையில் நான்கைந்து பாட்டிலை எடுத்து வைத்தால், ஒவ்வொன்றும் எந்தப் பூச்சிக்கு என்று கேளுங்கள். உங்கள் மரத்தில் அந்தப் பூச்சி இல்லையென்றால் அந்தப் பாட்டில் வேண்டாம்.

தெளிக்கும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி, கண்ணாடி வேண்டும். மேல்நோக்கி அடிக்கும் வேலை என்பதால் மருந்து முகத்தில்தான் விழும். காற்று முதுகுப்பக்கம் இருக்க நில்லுங்கள்.

பட்டாணி அளவு வந்ததும்

வடு பட்டாணி அளவு ஆனதும் நிறுத்திவைத்த தண்ணீரைத் தொடங்குங்கள். முதல் நாளே பாத்தி நிறையப் பாய்ச்ச வேண்டாம். வறண்டிருந்த வேருக்குத் திடீரென்று வெள்ளம் கிடைத்தால் வடு கொட்டும். முதல் தடவை பாதியளவு, நான்கைந்து நாள் கழித்து முழு அளவு. இந்த நேரத்தில் கொஞ்சம் வடு உதிர்வது இயல்பு. தாங்க முடியாததை மரமே கழிக்கிறது. உதிர்ந்த வடுவைப் பொறுக்கிப் பிளந்து பாருங்கள். உள்ளே புழுவும் இல்லை, தோலில் கரும்புள்ளியும் இல்லையென்றால் மருந்துப் பாட்டிலைத் தொட வேண்டிய தேவை இல்லை.