முதல் 20 நிமிடத்தில் கேமைக் கொல்லாதீர்கள்: பழைய அமெரிக்க வி8 கார்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1950-களிலும் 60-களிலும் டெட்ராய்ட்டிலிருந்து வந்த கார்களின் விசித்திரங்களைப் பேச ஆரம்பித்தால் பொழுது போவதே தெரியாது. 1956 செவ்ரலேயில் பெட்ரோல் மூடி இடப்பக்கப் பின்விளக்குக்குள் ஒளிந்திருக்கும். முகப்பு விளக்கை டிம் செய்ய, தரையில் உள்ள பொத்தானை இடது காலால் மிதிக்க வேண்டும். இஞ்சினின் உறிஞ்சு விசையில் ஓடும் வேக்குவம் வைப்பர், மழையில் மேடு ஏறுகிற நேரம் பார்த்துப் படுத்துக்கொள்ளும். 1956 முதல் 1964 வரை கிரைஸ்லர் கார்களில் கியர் மாற்றவே பொத்தான்கள்தான்.

இவையெல்லாம் ரசிக்க வேண்டியவை. ஆனால் சில விசித்திரங்களைத் தெரிந்துகொள்ளாமல் கை வைத்தால் காசு கரையும். இன்று புதிதாக இந்த வண்டிகளை வாங்குகிறவர்கள், முப்பது வருடத்துக்கு முன் மூத்தவர்கள் செய்த அதே தவறுகளை வரி மாறாமல் செய்கிறார்கள். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காதது, ஸ்டாண்டு வைக்காமல் ஜாக்கை நம்பி அடியில் படுப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் விட்டுவிடலாம்.

கேமும் டேப்பட்டும்

புதுக் கேமை முதல் ஓட்டத்திலேயே தேய்த்துவிடுவது, எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. ஏனென்றால் பல மாத உழைப்பில் கட்டிய இஞ்சின், சாவியைத் திருப்பிய கால் மணி நேரத்தில் பாழாகிறது.

கேம் என்பது வால்வுகளைத் திறக்கும் தண்டு (கேம் ஷாஃப்ட்), அதில் உள்ள மேடுகள் லோப், அந்த மேட்டில் உட்கார்ந்து ஏறி இறங்குவது டேப்பட். 1980-களின் நடுப்பகுதிவரை பெரும்பாலான அமெரிக்க வி8-களில் ரோலர் இல்லாத டேப்பட்தான். அதன் அடிப்பாகம் பார்வைக்குத் தட்டை, ஆனால் நடுவில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்கு மேடாக இருக்கும். எதிரே கேம் ஷாஃப்ட்டின் லோப் ஒரு பக்கமாக மிகச் சிறிதளவு சரிந்திருக்கும். இந்த மேடும் சரிவும் சேர்ந்துதான் டேப்பட்டைத் தன் துளைக்குள் சுற்ற வைக்கின்றன. சுற்றினால் தேய்மானம் பரவலாகும். நின்றுவிட்டால் ஒரே கோட்டில் உராய்ந்து, லோப்பின் மூக்கு சில நிமிடங்களில் மழுங்கிவிடும்.

அடுத்து எண்ணெய். கேம் லோப்புக்கு என்று தனிக் குழாய் கிடையாது. கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது தெறிக்கும் எண்ணெய்தான் அதற்கு உணவு. 700 ஆர்பிஎம் ஐட்லிங்கில் அந்தத் தெறிப்பு போதாது. அதனால்தான் புதுக் கேம் போட்ட இஞ்சின் பிடித்த உடனே 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோய், அந்த எல்லைக்குள் ஏற்றி இறக்கியபடி 20 முதல் 30 நிமிடம் ஓட்டச் சொல்கிறார்கள். புதியவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். புது இஞ்சின் ஆயிற்றே என்று மெதுவாக ஐட்லிங்கில் விட்டு, கார்புரேட்டரை ஒரு கையிலும் டைமிங் லைட்டை ஒரு கையிலும் பிடித்து நிதானமாகச் சரிபார்க்கிறார்கள். அந்த நிதானத்திலேயே கேம் போய்விடுகிறது.

இன்னொரு கொலை, செல்ஃபை அடித்துக்கொண்டே இருப்பது. வழக்கமான காட்சி இதுதான்: சனிக்கிழமை மாலை, கராஜில் நண்பர்கள் கூடி நிற்பார்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்காது, டைமிங் குத்துமதிப்பாக இருக்கும். பத்து நிமிடம் செல்ஃப் சுற்றும். உராய்வைத் தடுக்கப் பூசிய மாலி (மாலிப்டினம்) பேஸ்ட் அத்தனையும் லோப்பிலிருந்து வழித்துக்கொண்டு போயிருக்கும். பிறகு இஞ்சின் பிடித்து எல்லோரும் கை தட்டும்போது, கேம் காய்ந்த இரும்பாக உராய்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே வேலையெல்லாம் சாவியைத் தொடுவதற்கு முன்புதான். புதுக் கேமுக்குப் புது டேப்பட்டுகள், பதினாறும். பழைய டேப்பட்டைப் புதுக் கேமில் போடவே கூடாது. பழைய கேமைத் திரும்பப் போடுவதானால், ஒவ்வொரு டேப்பட்டும் தான் ஓடிய அதே லோப்புக்குப் போக வேண்டும். பென்சில்வேனியாவில் அக்டோபரில் கூடும் ஹெர்ஷி சந்தையில், கேமோடு டேப்பட்டுகளை ஒரே பையில் கொட்டி விற்றால் தொடாமல் நகருங்கள். எது எந்த லோப்பில் ஓடியது என்று தெரியாத பதினாறு டேப்பட்டுகள் இரும்புக் கடைக்குத்தான். புது டேப்பட்டையும் நம்பிவிட வேண்டாம். இரண்டின் அடிப்பாகங்களை ஒன்றோடொன்று ஒட்டி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவில் தொட்டு, ஓரத்தில் மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொன்றும் துளைக்குள் தன் எடையிலேயே இறங்க வேண்டும், விரலால் சுற்றினால் சிக்காமல் சுற்ற வேண்டும்.

லோப்புக்கும் டேப்பட்டின் அடிக்கும் மாலி பேஸ்ட். டேப்பட்டின் பக்கச் சுவருக்கு வெறும் எண்ணெய். இரட்டை ஸ்பிரிங் வால்வானால், உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ரன்னிங் இன் (அந்த முதல் 20-30 நிமிட ஓட்டம்) முடித்து, பிறகு மாட்டுங்கள். அலுப்பான வேலை, ஆனால் அந்த ஸ்பிரிங்கின் அழுத்தம் எத்தனையோ கேம்களைத் தின்றிருக்கிறது.

வால்வை அமுக்கும் ராக்கரைச் சரிசெய்யும்போது, அதற்கும் டேப்பட்டுக்கும் நடுவே உள்ள புஷ் ராடை விரலால் உருட்டி, இறுக்கம் தெரிந்ததும் நிறுத்தும் பழக்கம் ஏமாற்றும். எண்ணெய் இல்லாத ஹைட்ராலிக் டேப்பட் அமுங்கிக்கொடுக்கும். மேலும் கீழும் ஆடும் இடைவெளி எங்கே மறைகிறதோ அதுதான் பூஜ்யம். செவியின் (செவ்ரலேயின்) ஸ்மால் பிளாக் எனும் சிறிய வி8-இல் அதற்கு மேல் அரைச் சுற்று. அதிகமாக இறுக்கினால் வால்வு மூடாது, கம்ப்ரஷன் வராது, இஞ்சின் பிடிக்காது. மறுபடியும் செல்ஃபை அடிப்பீர்கள்.

பிறகு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியே டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றுங்கள். செவியில் டிரில் வலச்சுற்று, ஃபோர்டு ஸ்மால் பிளாக்கில் இடச்சுற்று. செவியில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பே எண்ணெய் வழியின் ஒரு சுவர் என்பதால், காலர் உள்ள கருவிதான் வேண்டும். பழைய ஸ்குரூடிரைவரை வெட்டி மாட்டினால் எண்ணெய் அங்கேயே வழிந்து, ஒரு பக்க டேப்பட்டுகள் வறண்டிருக்கும். ஃபோர்டு 302 (கன அங்குலக் கொள்ளளவு) இஞ்சினில் பம்பை ஓட்டுவது 1/4 அங்குல அறுகோணக் கம்பி, 351 விண்ட்சரில் 5/16. கம்பியின் கிளிப் சரியாக இல்லாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரோடு மேலே வந்து, நழுவி அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழும். டிரில் கனத்துப் பிரஷர் ஏறியதும் கிராங்கைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி, பதினாறு ராக்கரிலும் எண்ணெய் வரும்வரை விடாதீர்கள்.

முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் வேளையில், பிஸ்டன் உச்சிக்கு வர 10 டிகிரி முன்னே நிறுத்தி ரோட்டரை அதற்கு நேராக வையுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தை முன்பே நிரப்புங்கள். ரேடியேட்டர் முன் ஒரு பெரிய மின்விசிறி, பக்கத்தில் ஓர் ஆள், கையில் தீயணைப்பான். இரண்டு சுற்றில் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில், கடையில் புதிதாக வந்த விலை உயர்ந்ததை வாங்குவது தவறு. புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பதற்காக, தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கையில் உள்ள பாஸ்பரஸ் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2004-இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்எம் தரத்தில் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற எண்ணெய்களுக்கு உச்சவரம்பு 0.08 சதவீதம், அதாவது 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு). ரோலர் கேமுக்கு அது போதும், தட்டை டேப்பட்டுக்குப் போதாது. 1,000 முதல் 1,400 பிபிஎம் வரை துத்தநாகம் உள்ள, ரன்னிங் இன்னுக்கு என்றே விற்கும் மினரல் எண்ணெய் வாங்குங்கள். அதற்கு மேல் சேர்க்கைக் குப்பி எதுவும் ஊற்ற வேண்டாம். முதல் ஓட்டம் முடிந்ததும் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். சாம்பல் நிற பேஸ்ட் இருக்கலாம், மினுமினுக்கும் துகள் இருக்கக் கூடாது.

டிக் டிக் சத்தம், கார்புரேட்டர் வழியே வெடி, ஒரே ராக்கர் திரும்பத் திரும்பத் தளர்வது ஆகியவை லோப் மழுங்கியதன் அறிகுறிகள். புஷ் ராட் மேல் டயல் கேஜ் வைத்து அளந்தால் தெரியும். சாதாரண 350 செவியில் இன்லெட் லோப் 0.260 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.273 தூக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் கேம் போய்விட்டது. அப்போது கேமை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டாதீர்கள். அரைபட்ட இரும்புத்தூள் பேரிங், ஆயில் பம்ப், பிஸ்டன் பக்கம் எல்லாம் போயிருக்கும். இஞ்சினை முழுதாகப் பிரித்து, எண்ணெய் வழிகளின் பிளக்குகளைக் கழற்றி பிரஷ் விட்டுக் கழுவாவிட்டால் அடுத்த கேமும் அதே வழியில் போகும்.

ஃபயரிங் ஆர்டர்

சிலிண்டர்கள் தீப்பொறி பெறும் வரிசை இது. செவி 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை சிலிண்டர்கள் டிரைவர் பக்கம் (அமெரிக்காவில் இடப்பக்கம்). ஃபோர்டில் 1 முதல் 4 வரை பயணி பக்கம், 5 முதல் 8 வரை டிரைவர் பக்கம். பழைய 302-க்கு 1-5-4-2-6-3-7-8, 351 விண்ட்சருக்கு 1-3-7-2-6-5-4-8. 302-இல் பிற்கால 5.0 எச்ஓ (ஹை அவுட்புட்) இஞ்சினின் கேம் போட்டால் வரிசை 351-னுடையதாகிவிடும். பழைய வரிசையிலேயே வயரை மாட்டிவிட்டு, ஏன் வெடிக்கிறது என்று செல்ஃபை அடித்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

மோபார் அம்மீட்டர்

மோபார் என்றால் கிரைஸ்லர் குடும்பக் கார்கள். அறுபது, எழுபதுகளின் டாட்ஜ், பிளிமத் கார்களில் சார்ஜ் கரண்ட் முழுவதும் ஃபயர்வால் (இஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) இணைப்பின் சின்ன முனைகள் வழியே உள்ளே வந்து, டேஷ்போர்டு அம்மீட்டரைத் தொட்டுவிட்டுத் திரும்ப பேட்டரிக்குப் போகும். பழைய வயரிங்கை அப்படியே விட்டு 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் மாட்டுவது நெருப்புக்கு வழி. அம்மீட்டரின் இரு வயர்களையும் ஒன்றாக இணைத்து ஸ்லீவ் போடுங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குத் தனி வயர், கரண்ட் மிகுந்தால் உருகும் ஃபியூசிபிள் லிங்க்கோடு. டேஷ்போர்டில் வோல்ட் மீட்டர் போதும்.

6 வோல்ட் காரில் 12 வோல்ட் கேபிள்

ஃபோர்டு 1955 வரை 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு). அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓடும். மெல்லிய கேபிள் போட்டால் செல்ஃப் முனகும். 8 வோல்ட் பேட்டரி வாங்க ஓடாமல், 1/0 அல்லது 2/0 அளவுத் தடித்த கேபிளும் சுரண்டிச் சுத்தமாக்கிய எர்த்தும் போட்டுப் பாருங்கள்.

பாலாஸ்ட் ரெசிஸ்டர்

பழைய கிரைஸ்லர் கார்களில் செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டதும் நின்றால், இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரண்ட்டைக் குறைக்கும் இந்த ரெசிஸ்டர் போய்விட்டது. உதிரி ஒன்றை டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள்.

டார்க்ஃபிளைட் கியர் ஆயில்

கிரைஸ்லரின் இந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெயை நியூட்ரலில் அளக்க வேண்டும். பார்க்கில் அளந்தால் பொய் சொல்லும்.

இடப்பக்கச் சக்கரம்

1970 வரையிலான பல மோபார் கார்களில் டிரைவர் பக்க ஸ்டட்டுகள் எதிர்மரை. முனையில் எல் என்று குத்தியிருந்தால் வலச்சுற்றுதான் கழற்றும்.