ஜீன்ஸ் நீளத்த குறைங்க, அடிப் பட்டைய மட்டும் வெட்டிடாதீங்க

இடுப்புக்கு சரியா இருக்கற ஜீன்ஸ் எல்லாமே எனக்கு கால்ல ரெண்டு இஞ்ச் தரைய கூட்டிட்டுதான் போகும். டெய்லர் அண்ணாகிட்ட குடுத்தா மிச்சத்த வெட்டிட்டு புதுசா மடிச்சு அடிச்சுருவாரு, ஆனா அந்த வெளுத்துப்போன அடிப் பட்டைதானே ஜீன்ஸுக்கே லுக்கு, அது போச்சுன்னா ஸ்கூல் யூனிஃபார்ம் பேன்ட் மாதிரி ஆயிடும். அத வச்சுக்கிட்டே குறைக்கலாம், வீட்ல இருக்கற பழைய மிதி மிஷினே போதும்.

புது ஜீன்ஸா இருந்தா முதல்ல ரெண்டு தடவ துவைச்சுருங்க, காட்டன் சுருங்கும். அப்புறம் வழக்கமா போடற செருப்போட நின்னு, யாரையாவது விட்டு அளக்க சொல்லுங்க, நீங்களே குனிஞ்சு அளந்தா தப்பாதான் வரும்.

இப்ப கணக்கு. 2 இஞ்ச் குறைக்கணும்னா அதுல பாதி, 1 இஞ்ச்தான் அளக்கணும். கால் நுனிய வெளிப்பக்கமா மேல மடிச்சு, பட்டை முடியற இடத்துலேர்ந்து மடிப்பு வரைக்கும் 1 இஞ்ச் வர்ற மாதிரி குண்டூசி குத்துங்க. பட்டைய சேத்து அளக்கக்கூடாது. நான் முதல் தடவ சேத்து அளந்துட்டேன், பட்டை அரை இஞ்ச், ரெண்டு மடங்காகி ஒரு இஞ்ச் குறையாமலே நின்னுருச்சு, எல்லாத்தையும் பிரிச்சு திரும்ப அடிச்சேன்.

சைடு தையல் ரெண்டும் நேருக்கு நேர் இருக்கான்னு பாத்துட்டு, பட்டைய ஒட்டி, பட்டை மேல ஏறாம, சுத்தி அடிங்க. துணி கலர்லயே நூல், ஊசி 16 இல்ல 18ம் நம்பர், தையல் கொஞ்சம் பெருசா. சைடு தையல் வர்ற இடம்தான் வில்லன், அங்க துணி அடுக்கடுக்கா நிக்கும், மேல ஒரு துணி போட்டு சுத்தியலால நல்லா தட்டி தட்டையாக்கிட்டு, மிதிக்காம கையால சக்கரத்த சுத்தி தாண்டுங்க. முடிச்சதும் பட்டைய கீழ இறக்கி, மிச்சத்த உள்ள தள்ளி அயர்ன் பண்ணுங்க. வளர்ற புள்ளைங்க ஜீன்ஸ்னா உள்ள போன அந்த மிச்சத்த வெட்டவே வேணாம், அடுத்த வருஷம் பிரிச்சு விடலாம், சைடுல மட்டும் உள்ளுக்குள்ள கையால ரெண்டு தையல் போட்டா தொங்காது.

உக்காந்தா இடுப்புல பின்னாடி வாய பொளந்துட்டு நிக்குதா? எலாஸ்டிக்தான். இடுப்புப் பட்டையோட உள்பக்கத் துணியில மட்டும் பின்னாடி ரெண்டு ஓரத்துலயும் சின்னதா கீறி, ஊக்குல கோத்து 1 இஞ்ச் அகல எலாஸ்டிக்க நுழைங்க. ஒரு முனைய அடிச்சுட்டு, போட்டுப் பாத்து இழுத்து, அப்புறம் அடுத்த முனை. பெல்ட் லூப்புக்கு அடியில அடிச்சா தையலே தெரியாது. இடுப்பு ஒன்றரை இஞ்ச் லூஸா இருக்கற வரைக்கும் இது தாங்கும், அதுக்கு மேலன்னா சுருக்கம் சுருக்கமா அசிங்கமாயிடும், டெய்லர்கிட்டயே போயிருங்க.

ஊசி மட்டும் ரெண்டு எக்ஸ்ட்ரா வாங்கி வச்சுக்கங்க. எனக்கு முதல் கால் முடிஞ்சதுமே ஒடிஞ்சுது, ஞாயித்துக்கிழமை, கடையெல்லாம் மூடி, ஒரு கால் நெட்டையும் ஒரு கால் குட்டையுமா ஜீன்ஸ் அன்னைக்கு முழுக்க கொடியிலதான் தொங்கிச்சு.