தாய்லாந்தில் துணைக்கு வேறு உறவு இருந்தால்: விவாகரத்தும் நட்ட ஈடும் கேட்கும் வழி

தாய்லாந்தில் திருமணத்தைத் தாண்டிய உறவு குற்றம் ஆகாது. போலீஸில் புகார் கொடுத்துப் பயனில்லை. குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆணுக்கு ஒரு சட்டம், பெண்ணுக்கு ஒரு சட்டம் என்ற நிலை அங்கே நெடுநாள் இருந்தது. மனைவி வழி தவறினாலே கணவன் விவாகரத்து கேட்கலாம். மனைவியோ, கணவன் வேறொருத்தியை மனைவி போலவே வைத்துப் பராமரிக்கிறான் என்று நிரூபிக்க வேண்டும். சிவில், வணிகச் சட்டத் தொகுப்பின் 1516(1) பிரிவை 2007-இல் திருத்தி இதைச் சமமாக்கினார்கள். ஆனால் மூன்றாம் நபரிடம் நட்ட ஈடு கேட்கும் 1523-இல் பழைய ஓரவஞ்சனை ஒட்டிக்கொண்டிருந்தது: கணவனுக்கு ரகசிய உறவே போதும், மனைவிக்கு அந்தப் பெண் ஊரறியக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். 2024 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம் இது சமத்துவத்துக்கு முரண் என்றது. 2025 ஜனவரி 22 முதல் நடைமுறையில் உள்ள திருமணச் சமத்துவச் சட்டம் ‘கணவன், மனைவி’ இருந்த இடத்தில் ‘துணைவர்’ என்று எழுதிவிட்டது. இப்போது துணைவர் இருவரில் யாரும் மூன்றாம் நபர் மீது வழக்குப் போடலாம். மூன்றாம் நபர் ஆணா பெண்ணா என்பதும் பொருட்டல்ல.

முதலில் திருமணப் பதிவுச் சான்றை எடுத்து வையுங்கள். கோயிலில் பிக்குகள் ஆசீர்வதித்து, ஊர் கூடி விருந்து உண்டிருந்தாலும், அம்ஃபோ எனப்படும் வட்டார அலுவலகத்தில் பதியாத திருமணத்துக்கு இந்த உரிமைகள் எதுவும் கிடையாது.

அடுத்தது காலக்கெடு. விஷயம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம். தாண்டினால் 1529-ஆம் பிரிவு உரிமையை அழித்துவிடும். உறவு இன்னும் தொடர்கிறது என்றால் வாதிட இடமுண்டு, ஆனாலும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ‘போகட்டும், மன்னித்துவிட்டேன்’ என்று லைன் (LINE) செயலியில் ஒரு செய்தி அனுப்பினாலும் எதிர்த்தரப்பு அதை நீட்டும். மன்னித்தால் 1518-இன்படி விவாகரத்து கேட்கும் உரிமை போய்விடும். முன்பே தெரிந்து சம்மதித்திருந்தாலும் அதே கதி.

பலர் கோட்டைவிடும் இடம் வேறு. வக்கீல் செலவுக்குப் பயந்து இரு சாட்சிகளோடு அம்ஃபோவுக்குப் போய், சம்மத விவாகரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். துணைவரிடமிருந்து நட்ட ஈடு வேண்டுமென்றால், இந்தக் காரணத்துக்காகவே நீதிமன்றம் விவாகரத்துத் தீர்ப்பு தந்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகு அந்தக் கதவு சாத்திவிடும். சம்மதத்தோடுதான் பிரியப்போகிறீர்கள் என்றால், தொகையையும் கட்ட வேண்டிய தேதியையும் ஒப்பந்தத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள். பிரிய மனமில்லையா? விவாகரத்து கேட்காமலேயே மூன்றாம் நபர் மீது மட்டும் வழக்குப் போடலாம்.

ஆதாரம் என்று வரும்போது, படுக்கையறைப் படம் தேவையில்லை. சேர்ந்து போன பயணம், ஒரே வீட்டு வாடகை, வங்கிப் பணமாற்றம், பொதுவில் போட்ட ஜோடிப் படங்கள் எல்லாம் கூடிச் சொன்னால் போதும். திரைப்பதிவில் தேதியும் கணக்கின் பெயரும் தெரியட்டும். மூல உரையாடலை அழிக்காதீர்கள். கடவுச்சொல்லைத் திருடிப் போனுக்குள் நுழைவது உங்கள் மீதே வழக்காகலாம். ‘இவள்தான் சின்ன வீடு’ என்று ஃபேஸ்புக்கில் படம் போடுவது அதைவிட ஆபத்து: விளம்பரப்படுத்தி அவதூறு செய்தால் தண்டனைச் சட்டம் 328-இன்படி இரண்டு வருடம் வரை சிறை, 2 லட்சம் பாட் வரை அபராதம். அந்தரங்க விஷயத்தில் ‘உண்மையைத்தானே சொன்னேன்’ என்ற வாதம் எடுபடாது.

மனுவை சிறார், குடும்ப நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். முதலில் சமரசப் பேச்சுக்கு அனுப்புவார்கள். நட்ட ஈட்டுக்கு நிலையான விலைப்பட்டியல் இல்லை. சூழ்நிலையைப் பார்த்து நீதிபதி முடிவு செய்வார், தவணையாகவும் கட்டச் சொல்லலாம். சொத்துப் பிரிவினையில் துணைவரிடமிருந்து உங்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் கணக்கில் வரும்.

பொதுச் சொத்து ஆளுக்குப் பாதிதான். துரோகம் செய்தவர் என்பதற்காகப் பங்கு குறையாது. ஆனால் அந்தப் பணத்தில் புது உறவுக்குக் கார், நகை என்று வாங்கிக் கொடுத்திருந்தால், வங்கிக் கணக்கு விவரத்தைக் காட்டி 1534-ஆம் பிரிவின்படி கேளுங்கள். அந்தத் தொகை செலவாகாமல் இருப்பதாகவே வைத்துப் பங்கிட்டு, உங்கள் பாதியை அவர் பங்கிலிருந்து ஈடுகட்டச் சொல்லலாம்.