முளைத்ததைப் பிடுங்கும் முன், வாடியதற்கு நீர் ஊற்றும் முன்

விதைத்தது முளைக்காது, விதைக்காதது செங்கல் இடுக்கில் தளதளவென்று நிற்கும். வீட்டுத் தோட்டம் போட்டவர்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். இப்படித் தானாக வந்த நாற்றுகளைத் தொலைப்பதும், ஆசையாக வளர்த்த செடியைப் பறிகொடுப்பதும் பெரும்பாலும் நம் கையின் அவசரத்தால்தான்.

களையெடுக்கும்போதே அவசரம் தொடங்கிவிடுகிறது. முதலில் விரிவது வித்திலை. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றுக்கும் அது ஏறக்குறைய ஒரே மாதிரி ஒடுங்கலாக இருக்கும். அடுத்த இரண்டு மூன்று இலைகள் வந்தால்தான் ஜாதி தெரியும். தக்காளியா என்று சந்தேகமா? ஓர் இலையை லேசாகக் கசக்கி முகர்ந்து பாருங்கள், வாசனையே சொல்லிவிடும். 'சுத்தம் செய்கிறேன்' என்று ஒரு தொட்டி நிறையக் காசித்தும்பை நாற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மறுவாரமே அதே விதையைக் காசு கொடுத்து வாங்கியவன் நான்.

சரி, விட்டுவைத்தாயிற்று. உடனே வேறு இடத்துக்கு மாற்றத் தோன்றும். கேரட், கொத்தமல்லி போல ஆணிவேர் நேராக இறங்கும் செடிகளை அசைக்காமல் விடுவதே நல்லது. பப்பாளியை மாற்றியே ஆகவேண்டும் என்றால் சிறு கன்றாக இருக்கும்போதே, வேரைச் சுற்றியுள்ள தாய்மண்ணோடு, வெயில் தாழ்ந்த பிறகு எடுங்கள். நெருக்கமாக முளைத்தவற்றில் வேண்டாததைப் பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் கூடவே வரும்; கத்தரிக்கோலால் அடியில் நறுக்கிவிடுங்கள்.

தானாக முளைத்த சுரை, பூசணி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். மகரந்தக் கலப்பால் வழக்கத்துக்கு மாறான கசப்புக் காய் வரலாம். அந்தக் கசப்பு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. நுனியில் ஒரு துணுக்கு நாக்கில் வைத்து, கசந்தால் துப்பிவிட்டுக் காயைத் தூக்கிப் போடுங்கள்.

இனி இழப்புகள். வாடிய செடியைக் கண்டதும் தண்ணீர் ஊற்றுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. உச்சி வெயிலில் தொங்கும் இலை பல சமயம் மாலையில் தானே நிமிர்ந்துவிடும். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் செடி வாடினால் வேர் அழுகியிருக்கலாம். அதில் இன்னும் நீர் ஊற்றுவது கொலை.

செத்த செடியை அப்படியே எறியவும் வேண்டாம். வேரைக் கழுவிப் பாருங்கள். பழுப்பாகிக் கொழகொழவென்று உரிந்தால் அழுகல். பசுமையாக இருந்த தக்காளி திடீரென்று துவண்டுபோனால், அடித்தண்டை நறுக்கி, வெட்டிய முனை தெளிந்த தண்ணீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல் இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். கிருமி அந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். அங்கே தக்காளி, கத்தரி, மிளகாய் வைக்காதீர்கள். மரவகைச் செடி மொட்டையாக நின்றால் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

அப்புறம், காசித்தும்பை காய்ந்து சாய்வதை இழப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் ஆயுளே ஒரு பருவம்தான். முற்றிய காயைத் தொட்டால் வெடித்து விதை தெறிக்கும். பிடுங்கும் முன் தொட்டிக்கு மேல் ஒருமுறை உலுக்கிவிடுங்கள்.