பைபோலாரா? டாக்டரைப் பார்க்கும் முன் வீட்டார் செய்யவேண்டியவை

மனம் சில காலம் அளவுமீறிய எழுச்சியிலும் சில காலம் ஆழ்ந்த சோர்விலும் இருக்கும் பைபோலார் எனும் இருமுனை மனநோயை ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ காட்டிக்கொடுக்காது. தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, போதைப்பொருள் போன்றவை காரணமில்லை என்று உறுதிசெய்யவே பரிசோதனைகள் தேவைப்படும். மற்றபடி டாக்டர் நம்பியிருப்பது நடந்தவற்றின் விவரத்தைத்தான். அதில் பாதி வீட்டாருக்குத்தான் தெரியும்.

பெரும்பாலோர் சோர்ந்து முடங்கிய பிறகே சிகிச்சைக்கு வருகிறார்கள். அதற்கு முன் வந்துபோன எழுச்சியை யாரும் நோயாக நினைப்பதில்லை. 'அப்ப நல்லாத்தானே இருந்தேன்' என்பார்கள். அது தெரியாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அதுவே மேனியா எனும் கட்டுமீறிய எழுச்சியைக் கிளப்பிவிடும்.

ஆகவே முதலில் பழைய மாதங்களைக் கிளறிப் பாருங்கள். தூக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. இரவெல்லாம் புரண்டுவிட்டு மறுநாள் களைத்துக் கிடப்பது வேறு. மூன்று மணி நேரமே தூங்கி, அலுப்பே இல்லாமல் எழுந்து ஓடுவது வேறு. இரண்டாவதுதான் மேனியாவின் அடையாளம். கூடவே நிறுத்தாத பேச்சு, தலைகால் புரியாத செலவு, திடீர்த் தொழில் திட்டங்கள், தன்னால் முடியாதது இல்லை என்ற நினைப்பு இருந்தனவா? சிலரிடம் உற்சாகத்துக்குப் பதில் எரிச்சலே மேலோங்கும். அதைத் திமிர் என்று எண்ணி வீட்டில் சண்டை போட்டே காலத்தைக் கடத்திவிடுகிறார்கள்.

எத்தனை நாள் நீடித்தது என்பதும் முக்கியம். மேனியா என்றால் குறைந்தது 7 நாள். மருத்துவமனையில் சேர்க்கவேண்டி வந்தால் நாள் கணக்கு பார்ப்பதில்லை. மிதமான எழுச்சிக்கு 4 நாள், மனச்சோர்வுக்கு 2 வாரம். காலையில் கோபம், மாலையில் சிரிப்பு என்பதை மட்டும் வைத்து பைபோலார் என்று முடிவுகட்ட முடியாது.

இனி ஒரு நோட்டில் தினமும் படுக்கும் முன் குறித்துவாருங்கள்: மனநிலை (−3 முதல் +3 வரை, இயல்பு 0), தூங்கிய மணி நேரம், மாத்திரை போட்டாரா, வழக்கத்துக்கு மாறான செலவு, பெண்களென்றால் மாதவிடாய் நாள். பழைய மருந்துச் சீட்டுகளையும், ரத்த உறவில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்ற விவரத்தையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தற்கொலைப் பேச்சு, இல்லாத குரல் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமல் இருப்பது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நோட்டு நிரம்பக் காத்திருக்கவேண்டாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், தனியாக விடாதீர்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.