சாவி கொடுக்கும் முன்: பழைய பிரெஞ்சு இசைப் பொம்மையின் உள்ளே பார்ப்பது எப்படி?

பாரிஸில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் விஷி, லாம்பேர், ரூலே–தெகாம் போன்ற பட்டறைகள் செய்த இசைப் பொம்மை ஒன்று கைக்கு வந்தால், உடனே சாவி கொடுத்து ஆடவிடவே எவருக்கும் தோன்றும். அதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடையாளம். லாம்பேரின் சாவிகளில் ‘எல்.பி.’ என்றும், ரூலே–தெகாமின் சாவிகளில் ‘ஆர்.டி.’ என்றும் எழுத்துகள் இருப்பதுண்டு. ஆனால் சாவி எளிதில் மாறிவிடும் பொருள். பீங்கான் தலையில் ஜுமோ முத்திரை இருந்தாலும், அது தலையைச் செய்த நிறுவனத்தையே குறிக்கும்.

அடுத்து, ஆடையைக் கழற்றாமல், முதுகுத் திறப்பு வழியாகவோ பீடத்தின் அடியிலிருந்தோ சிறு விளக்கு அடித்துப் பாருங்கள். பழைய பட்டு தொட்டாலே கிழியும். உள்ளே சுருள்வில் அடங்கிய உருளை வடிவக் கூடும், அதன் விசையைக் கடத்தும் பற்சக்கரங்களும், வரிசையின் கடைக்கோடியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு காற்றாடியும் தெரியும். இந்தக் காற்றாடி உடைந்தோ கழன்றோ இருந்தால், சுற்றிவைத்த விசை முழுவதும் நொடிகளில் பாய்ந்து, சுழலும் இசை உருளையின் முட்களையும், அவை தட்டி ஒலியெழுப்பும் எஃகுச் சீப்பின் பற்களையும் முறித்துவிடும். சாவியைத் தள்ளிப்போடச் சொன்னது இதனால்தான்.

இனி ஓர் அசைவைப் பின்தொடருங்கள். இதுவே சுவையான பகுதி. ஒரே அச்சில் கோத்த கேம் தட்டுகளின் விளிம்பு மேடும் பள்ளமுமாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் மீதும் ஒரு நெம்புகோலின் நுனி படிந்திருக்கும். மேடு வரும்போது அது உயர்ந்து, தன்னுடன் இணைந்த கம்பியை இழுக்க, தலை திரும்பும் அல்லது மணிக்கட்டு வளையும். மேடு சரிவாக இருந்தால் அசைவு நிதானமாகும். செங்குத்தாக இறங்கினால் வெடுக்கென்று முடியும். மாண்டலின் வாசிக்கும் பொம்மையின் விரல் தந்தியை மீட்டுவதில்லை. இசை, உள்ளிருக்கும் உருளையும் சீப்பும் சேர்ந்து எழுப்புவதே. கண்ணால் மட்டும் தொடருங்கள். கையைப் பிடித்து அசைத்தால் கம்பி வளையும்.

எல்லாம் சரியாகத் தெரிந்தால், நிறுத்தும் நெம்பு நிறுத்த நிலையில் இருக்க, சாவியை ஓரிரு திருப்பு மட்டும் திருப்பி, பிறகு அந்த நெம்பை விடுவியுங்கள். இசையில் கிறீச்சொலி கேட்டால், சீப்புப் பற்களின் அடியிலுள்ள அதிர்வடக்கிகள் தேய்ந்திருக்கலாம், உடனே நிறுத்துங்கள். பொம்மை பாதியில் நின்றுவிட்டாலோ, விசை உள்ளேயே தேங்கியிருக்கும் என்பதால் எந்தத் திருகையும் கழற்றாமல் பழகிய கைவினைஞரிடம் கொடுங்கள்.