இடதுகை போல்ட் ரைஃபிளுக்குக் காலிபர் தேர்வு: பட்டியலில் தொடங்குங்கள்

வேட்டைக்கு போல்ட் ரைஃபிள் (போல்ட் என்ற பூட்டுத்தண்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) வாங்கும் வலதுகைக்காரர், காலிபரை, அதாவது குழல் அளவையும் அதற்கேற்ற தோட்டா வகையையும், முடிவு செய்துவிட்டு ரைஃபிளைத் தேடலாம். இடதுகைக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. சாவேஜ், டிக்கா, ரூகர் போன்ற நிறுவனங்கள் அமெரிக்காவில் இடதுகை ரைஃபிள் விற்றாலும், வலதுகை மாடலுக்குக் கிடைக்கும் எல்லாக் காலிபரும் அதில் வராது. அதனால் முதலில் அந்நிறுவனங்களின் இந்த ஆண்டுப் பட்டியலில் இடதுகைக்கு என்னென்ன உண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிடித்த காலிபர் இல்லையே என்று வலதுகை ரைஃபிளை வாங்க வேண்டாம். தோட்டா உறை கிழிந்தால் சூடான வாயு வலப்பக்கத் திறப்பு வழியே வரும். இடதுதோளில் வைத்துச் சுடுபவரின் முகம் அங்கேதான் இருக்கும்.

அதற்கும் முன்னால் கண். இடதுகையால் எழுதுபவருக்கு வலக்கண் மேலோங்கியிருக்கலாம். அப்படியானால் எந்தத் தோளில் சுடுவது என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

அடுத்து மாநிலச் சட்டம். கொலராடோவில் மானுக்கு .24 அங்குலக் காலிபரும் 70 கிரெய்ன் குண்டும் குறைந்தபட்சம் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அலகு). பெரிய மான் இனமான எல்க்குக்குக் குண்டு 85 கிரெய்ன். இரண்டுக்கும் 100 யார்டில் 1000 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும். .243 வின்செஸ்டர் என்ற தோட்டா இதில் தேறிவிடும். ஆனால் எல்க்கின் தோள் எலும்புக்கு அது போதும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். மானுக்கு 100 கிரெய்ன் குண்டோடு அது அருமை. மான், எல்க் இரண்டுக்கும் ஒரே ரைஃபிள் என்றால் 7எம்எம்-08, .308, .270, .30-06 ஆகியவற்றில் ஒன்று.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. செம்புக் குண்டு அதே எடைக்கு நீளம் அதிகம். உள்வரிகள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள .243 குழலில் கனமான செம்புக் குண்டு நிலைப்படாமல் தள்ளாடலாம். 80 கிரெய்ன் பக்கம் இறங்குங்கள்.

எட்டு பவுண்டு ரைஃபிளில் உதைப்பு தோராயமாக: .243க்கு 9 அடி-பவுண்டு, 6.5 கிரீட்மூருக்கு 12, .308க்கு 17, .30-06க்கு 20, .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு 26. ரைஃபிளை ஆறு பவுண்டாகக் குறைத்தால் உதைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்கிற பழக்கம் இங்கேதான் பிறக்கிறது. குறி தவறினால் பலர் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) குறை சொல்வார்கள்.

இடதுகைக்காரர் மறக்கக் கூடாதது தோட்டாக் குடும்பம். .243, 7எம்எம்-08 இரண்டும் .308 உறையின் கழுத்தைச் சுருக்கிச் செய்தவை. 6.5 கிரீட்மூரின் அடிப்பகுதி விட்டமும் அதே .473 அங்குலம்தான். எனவே பட்டியலில் .308 மட்டும் இருந்தாலும் வாங்கலாம்: போல்ட் மாற்றாமலே பிறகு குழலை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும். சாவேஜில் குழலை ஒரு நட்டு பிடித்திருப்பதால் வேலை எளிது. ஆனால் கோ, நோ-கோ என்ற அளவிகளால் ஹெட்ஸ்பேஸை (தோட்டா அறைக்கும் போல்ட் முகத்துக்கும் இடையிலான இடைவெளியை) சரிபார்க்காமல் சுடவே கூடாது. .270, .30-06 இரண்டுக்கும் நீள ஆக்‌ஷன் (போல்ட் இயங்கும் பகுதி) வேண்டும். மேக்னத்துக்கு, தோட்டாவின் அடியைப் பிடிக்கும் போல்ட் முகமே வேறு.

கடைசியில் அருகிலுள்ள கடைகளின் அலமாரியைப் பாருங்கள். இரண்டு கடையிலாவது அந்தத் தோட்டா இருக்க வேண்டும். மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, 100 யார்டில் மும்மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். இடையே குழல் ஆறட்டும். நெருக்கமாக விழும் வகையில், அதே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் சீசனுக்குப் போதுமானதை வாங்கிவிடுங்கள்.